கடல் பனிக்கட்டித் தரவில் எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? கேள்வி பதில்

காலநிலைத் தரவுக் கோப்புகளில் கடல் பனிக்கட்டிக்கும் பனிக்கும் இருக்கும் பெயர்களைப் பற்றி தென்னாப்பிரிக்காவில் டர்பன், மாரிட்ஸ்பர்க், கேப்டவுன் பக்கத்து நம்மவர்கள் கேட்டவை இவை. கேட்பதற்கு முன் மேலே உள்ள பதில்களை ஒருமுறை படித்துவிடுங்கள். (யாரும் படிக்கமாட்டீர்கள், தெரியும்.)

பீனிக்ஸ், முதுகலை மாணவி: அக்கா, காலநிலைக் கோப்புகளை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும் சிஎஃப் மரபு பெயர்களை நிர்ணயித்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு கோப்பிலும் ஏன் வேறு வேறு பெயர்?

தங்கச்சி, சிஎஃப் மரபு மாறியின் பெயரைத் தொடுவதே இல்லை. கோப்புக்குள் நீ 'ஐஸ்' என்றும் வைக்கலாம், 'எக்ஸ்1' என்றும் வைக்கலாம், அது கேட்காது. அந்த மாறியோடு ஒட்டியிருக்கும் 'ஸ்டாண்டர்ட்_நேம்' (நியமப் பெயர்) என்ற பண்பைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. கடலைப் பிரித்த சிறு கட்டங்களில் ஒன்றில் எவ்வளவு பங்கு பனிக்கட்டி என்பதற்கு அங்கே 'சீ_ஐஸ்_ஏரியா_ஃபிராக்‌ஷன்' என்றுதான் இருக்கவேண்டும். 'சிகான்க்' போன்ற குறும்பெயர்கள், உலகக் காலநிலை மாடல்களை ஒப்பிடும் சிமிப் திட்டம் தன் மாடல்களுக்காகத் தனியாக வைத்துக்கொண்டவை. அதே அளவுக்கு சிமிப்5-இல் 'சிக்' என்று பெயர், சிமிப்6-இல் 'சிகான்க்'. நிரலில் குறும்பெயரை எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைத் தரவு வந்ததும் உடையும். நியமப் பெயரை வைத்துத் தேடு.

அதோடு நிற்காதே. அலகைப் பார், சராசரியை எப்படி எடுத்தார்கள் என்று சொல்லும் 'செல்_மெதட்ஸ்' பண்பைப் படி. இதை இன்றைக்குப் பலமுறை சொல்லப்போகிறேன்.

சாட்ஸ்வொர்த்: பரப்பும் விரிவும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. 25 கி.மீ.க்கு 25 கி.மீ. கட்டம், அதாவது 625 சதுர கி.மீ. அதில் 20 சதவீதம் பனிக்கட்டி என்றால் பரப்பு 125. ஆனால் விரிவு 625. ஏனென்றால் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டம் முழுவதையும் விரிவில் சேர்ப்பது வழக்கம். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் சுமார் 34 லட்சம் சதுர கி.மீ.க்குச் சுருங்கியது என்று படித்திருப்பாய், அது விரிவு. கட்டத்தின் அளவை மாற்றினால் விரிவும் மாறும். அதனால் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பரப்பே மேல்.

மாரிட்ஸ்பர்க்: 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 சாலை மூடிக்கிடந்தது. ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தரவுத் தொகுப்பில் 'ஸ்னோ டெப்த்' (பனி ஆழம்) எடுத்துப் பார்த்தால் நேரில் கண்டதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தரவு தவறா?

தரவு தவறில்லை, அதன் பெயர்தான் ஏமாற்றுகிறது. ஈஆர்ஏ5-இல் அந்த மாறி பனியின் உயரம் அல்ல. அந்தப் பனியை உருக்கினால் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு. நியமப் பெயரைப் பார்த்திருந்தால் 'எல்டபிள்யூஈ_திக்னஸ்_ஆஃப்_சர்ஃபேஸ்_ஸ்னோ_அமவுன்ட்' என்று இருந்திருக்கும், முதல் மூன்று எழுத்தும் நீருக்குச் சமமான அளவு என்பதைச் சொல்கின்றன. உயரம் வேண்டுமானால் அதை 1000-ஆல் பெருக்கி, பனியின் அடர்த்தியால் வகுங்கள். தரவில் 0.1 மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 250 கிலோ என்றால் நேரில் 0.4 மீ. நான்கு மடங்கு. அடர்த்தியும் அதே தொகுப்பில் தனி மாறியாகக் கிடைக்கிறது. அதன் பிறகும் குறைவாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஏறக்குறைய 30 கி.மீ. கட்டத்துக்குள் டிராகன்ஸ்பெர்க் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒன்றாகிவிடும்.

சிமிப் கோப்பில் 'எஸ்என்டபிள்யூ' என்பது சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ, 'எஸ்என்டி' என்பது உண்மையான உயரம். சிமிப்5-இல் நிலத்து அட்டவணையிலும் கடல் பனிக்கட்டி அட்டவணையிலும் 'எஸ்என்டி' இருக்கிறது. ஒன்று தரையில் படிந்த பனி, மற்றது மிதக்கும் பனிக்கட்டியின் மேல் படிந்த பனி. அட்டவணைப் பெயரைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே அடைவில் போட்டால் ஒன்றை மற்றது விழுங்கிவிடும்.

கேப்டவுன், பொறியாளர்: பனிக்கட்டி இல்லாத கட்டத்தில், சிமிப்6-இன் தடிமன் மாறியான 'சிதிக்' மதிப்பே இல்லாமல் காலியாக வருகிறது. இல்லையென்றால் தடிமன் பூஜ்யம்தானே? நான் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டேன்.

நிரப்பாதீர்கள் அண்ணா. 'சிதிக்' பனிக்கட்டி இருக்கும் பகுதிக்குள் மட்டும் எடுத்த சராசரி. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவான இரண்டு கட்டங்கள். ஒன்றில் கால்வாசி பனிக்கட்டி, 2 மீ. தடிமன். மற்றதில் வெறும் கடல். நீங்கள் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுத்தால் 1 மீ. வரும். அங்கே இருக்கும் பனிக்கட்டியின் தடிமன் 2 மீ. மொத்தக் கடலிலும் பரப்பிவிட்டால் 0.25 மீ. உங்கள் 1 மீ. எதற்குப் பதில்?

அதே கேப்டவுன் நண்பர்: சிமிப்5-இல் 'சிட்' பூஜ்யத்தோடுதான் வந்தது. அப்போது அவர்கள் செய்தது தப்பா?

தப்பில்லை, அது வேறு அளவு. அங்கே பனிக்கட்டி இல்லாத நீரையும் சேர்த்துக் கட்டத்தின் கடல் பகுதி முழுவதற்கும் சராசரி எடுத்தார்கள், அதனால் பூஜ்யம் சரி. சிமிப்6-இல் அந்த வேலையைச் செய்வது 'சிவால்'. பழைய 'சிட்'டையும் புதிய 'சிதிக்'கையும் ஒரே வரைபடத்தில் தொடர்ந்து போட்டு, பனிக்கட்டி திடீரென்று தடித்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள்.

லேடிஸ்மித்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டுக்கும் நியமப் பெயர் 'சீ_ஐஸ்_திக்னஸ்' என்றே இருக்கிறதே! அப்புறம் எதற்கு நியமம்? நான் கேப்டவுன் அண்ணன் கட்சி.

நல்ல கேள்வி. நியமப் பெயர் என்ன அளவு என்பதை மட்டும் சொல்லும். எந்தப் பகுதிக்கு, எந்தக் காலத்துக்குச் சராசரி என்பதை 'செல்_மெதட்ஸ்' சொல்லும். ஒவ்வொரு சராசரிக்கும் தனிப் பெயர் வைக்கப் புறப்பட்டால் பட்டியல் பல மடங்காகும், யாரும் தேடமாட்டார்கள். பிரித்து வைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் முக்கியமான விஷயத்தை யாரும் திறக்காத பண்புக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால், பாதி நானும் உங்கள் கட்சிதான்.

மறுபடி கேப்டவுன்: சரி, கடைசியாக ஒன்று. 30 நாள் மாதத்தில் 10 நாள் மட்டும் பனிக்கட்டி, அதே பரப்பு, 1 மீ. மாதச் சராசரி 0.33 தானே?

'சிதிக்'கில் 1 மீ. பனிக்கட்டி இருந்த காலம்தான் கணக்கு. மாதத்தில் எத்தனை பங்கு நேரம் இருந்தது என்பதற்கு 'சிடைம்ஃப்ராக்' என்று தனி மாறி, அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நிரப்பிய பூஜ்யத்தை எடுத்துவிட்டீர்களா இல்லையா?

வெருலம்: விரிவு, பரப்பு இரண்டும் ஒன்றா?

சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உம்பிலோ: தைப்பூசக் காவடியன்று மழை வருமா அக்கா?

வானிலைச் சேவையைக் கேளுங்கள். நான் பனிக்கட்டி.

கேப்டவுன், இளம் ஆய்வாளர்: எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பலில் மேல்தளத்திலிருந்து குறித்த பனிக்கட்டிச் செறிவை மாடலோடு ஒப்பிட்டேன். எல்லாம் பத்து மடங்கு குறைவு.

கப்பலில் பத்தில் எத்தனை பங்கு என்று குறிப்பார்கள், சிமிப்6-இல் சதவீதம், வேறு சில கோப்புகளில் 0 முதல் 1 வரை. உச்ச மதிப்பு 10-ஆ, 100-ஆ, 1-ஆ என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அலகு, அலகு, அலகு.

பீனிக்ஸ், அதே மாணவி: பட்டியலில் இல்லாத அளவுக்கு நானே நியமப் பெயர் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெயர், விளக்கம், அலகு மூன்றையும் எழுதி முன்மொழி. எல்லாரும் பார்க்க விவாதித்துத்தான் சேர்ப்பார்கள். அதுவரை 'லாங்_நேம்' பண்பில் விளக்கமாக எழுதிவிட்டு, நியமப் பெயர் இடத்தை விட்டுவிடு. பொய்ப் பெயரைவிட வெற்றிடம் நல்லது. உன் முன்மொழிவை அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

டொங்காட்: பரப்புக்கும் விரிவுக்கும் என்ன...

மேலே.