அம்மா வசதியாக இருக்கிறாவா?

கேள்வி: காணிப் பிரச்சினையில் என் தங்கை ஊரார் முன்னால் என்னைக் 'கயவன்' என்று ஏசிவிட்டாள். இந்தச் சொல்லின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? அவள் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? அம்மாவுக்குக் கிடைத்த இந்திய வீட்டுத்திட்ட வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் படிக்க அறை வேணும் என்பதால், அம்மா பின்வளவுத் தகரக் கொட்டிலில் வசதியாக இருக்கிறா.
- வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, கேட்ட சொல்லை முதலில் பார்ப்போம். தொல்காப்பிய உரியியலில் 'கய' என்றால் பெருமை, மென்மை. கயம் ஆழமான நீர்நிலை. உங்கள் தங்கை சொன்னது அதுவல்ல, வள்ளுவர் சொன்ன கயவன், அதாவது கீழ்த்தரமாக நடப்பவன். பொருட்பாலின் கடைசி அதிகாரமான கயமையில், 1071 முதல் 1080 வரை, கயவர் என்றும் கீழ் என்றும் அவர் மாறி மாறிச் சொல்வது ஒரே ஆட்களைத்தான். அந்தப் பத்துக் குறளிலும் பிறப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. முழுக்க நடத்தை. கயவர் தேவரைப் போன்றவர்கள், தாம் விரும்பியதையே செய்து நடப்பதால் என்று ஏளனமாகச் சொல்கிறது 1073.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'வசதியாக' என்று எழுதினீர்களே, அதைச் சொன்னது அம்மாவா, நீங்களா? சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம் இருந்து பார்த்தீர்களா? கார்த்திகை மழை தகரத்தில் அடிக்கும்போது அம்மா கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா? இரவில் கக்கூசுக்குப் போக அவவுக்கு யார் வெளிச்சம் பிடிக்கிறது? போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த அந்த வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. பயனாளியே முன்னின்று கட்ட வேண்டியிருந்தது. போதாத காசுக்கு நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கூரை போட்ட தாய்மார் வன்னி முழுக்க இருக்கிறார்கள். அப்படி வந்த வீட்டில் அதற்குரியவவுக்கே இடமில்லையா?

பிள்ளைகளின் படிப்பைச் சாட்டுச் சொல்லாதீர்கள். பெற்றவளுக்குப் படுக்க இடம் ஒதுக்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு அறை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கை மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இந்த மாரி தொடங்க முன்னம் அம்மாவை உள்ளே கூட்டி வாருங்கள். பிள்ளைகள் விறாந்தையில் மேசை போட்டுப் படிக்கட்டும். இடம் காணாவிட்டால் கொட்டிலில் நீங்கள் படுங்கள். காணிக் கதையை அதற்குப் பிறகு தங்கையோடு பேசலாம், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.