பாஸ்வேர்டு மறந்து போச்சுங்க! – வாசகர் கேள்வி பதில்

சேலம் டவுனிலிருந்தும் ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கணக்கு இருக்கிறது, உள்ளே போக முடியவில்லை. அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

வாசகர், நாகலூர், ஏற்காடு: வணக்கம்ங்க. மகன் ஆரம்பித்துக் கொடுத்த ஜிமெயில். பாஸ்வேர்டு எனக்கும் நினைவில்லை, அவனுக்கும் நினைவில்லை. மலையிறங்கி வந்து ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன். நாலைந்து தடவை முயன்றும் ‘இது உங்கள் கணக்குதான் என்று உறுதி செய்ய முடியவில்லை’ என்றே வருகிறது. என் போனில் மட்டும் மெயில் இன்னும் திறக்கிறது. போனை ரீசெட் செய்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கணக்குக்குள் போக உங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே கதவு அந்தப் போன்தான். ரீசெட் செய்தாலும், செட்டிங்ஸில் போய் கணக்கை ‘ரிமூவ்’ செய்தாலும் அதுவும் சாத்திக்கொள்ளும்.

கடையில் ஏன் கைகூடவில்லை என்று முதலில் பார்ப்போம். பாஸ்வேர்டு தெரியாத ஒருவர் கணக்கைக் கேட்கும்போது, கேட்பவர் உரிமையாளரா திருடரா என்பது கூகுளுக்குத் தெரியாது. அதனால் சுற்றியுள்ள அடையாளங்களைப் பார்க்கிறது. வழக்கமான போனா, வழக்கமான பிரவுசரா, வழக்கமாக இருக்கும் இடமா? நாகலூரில் வருடக்கணக்கில் திறந்த கணக்கை, அது பார்த்தே இராத ஒரு கம்ப்யூட்டரில், வேறொரு இன்டர்நெட் இணைப்பில் கேட்டால் சந்தேகப்படத்தான் செய்யும். மலையிறங்கி வந்ததே உங்களுக்கு எதிராகப் போய்விட்டது.

வீட்டிலேயே, உங்கள் போனிலேயே செய்யுங்கள். முதலில் பாஸ்வேர்டு போனில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், அதில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர். தேடும் இடத்தில் கூகுள் என்று போட்டு, பட்டியலில் உங்கள் மெயில் முகவரி இருந்தால் தொடுங்கள். போனின் பேட்டர்னோ கைரேகையோ கேட்கும். கொடுத்ததும் கண் படத்தை அழுத்தினால் பாஸ்வேர்டு தெரியும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அங்கே இல்லையென்றால், போனின் செட்டிங்ஸில் கூகுள், ‘மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்’, செக்யூரிட்டி, பாஸ்வேர்டு என்று போங்கள். பழைய பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ என்பதைத் தொடுங்கள். பல போன்களில் ஸ்கிரீன் லாக்கைக் கொடுத்தாலே புதிய பாஸ்வேர்டு வைக்க விடும். சிலவற்றில் ‘இது நீங்கள்தானா’ என்று திரையில் வரும்; ‘யெஸ்’ கொடுங்கள். வேறு ஏதாவது கேட்டால், முடியாததற்கு ‘ட்ரை அனதர் வே’ கொடுத்து அடுத்ததற்குப் போகலாம்.

கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால் காலியாக விடாதீர்கள். இப்போதைய பாஸ்வேர்டுக்கு முந்தையது என்றாலும் அதற்கு மதிப்பு உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். தப்பாகப் போனதற்காகக் கணக்கு பறிபோகாது. ‘முயற்சிகள் அதிகமாகிவிட்டன’ என்று வந்தால் மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் சில மணி நேரமோ சில நாட்களோ காத்திருக்கச் சொல்லும். உண்மையான உரிமையாளர் வேறொருவராக இருந்தால் அவர் தடுக்க அவகாசம் கொடுப்பதற்காகத்தான் அது. தொடர்புக்கு மெயில் கேட்டால், இப்போதே திறக்க முடிகிற முகவரியைக் கொடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிடுங்கள்.

உள்ளே போனதும், கணக்கை மீட்கக் கோடு அனுப்புவதற்காகக் கொடுத்து வைத்திருக்கும் ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் இரண்டையும் பாருங்கள். மகனின் பழைய எண் இருந்தால் மாற்றுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு திறந்த நிலையில் இருந்தால் ‘யுவர் டிவைசஸ்’ பகுதியில் தெரியும்; ‘சைன் அவுட்’ கொடுங்கள்.

வாசகி, செவ்வாய்ப்பேட்டை: கொலுசு பட்டறைக் கணக்கு வழக்கெல்லாம் ஒரு மெயிலில்தான் இருக்கிறது. அதற்குக் கொடுத்த பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போகிறது. அந்த எண் இனி கிடைக்குமா?

எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது அம்மா. பிரீபெய்டு எண்ணில் 90 நாள் அழைப்பு, மெசேஜ், டேட்டா என்று எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். அந்த சிம்மின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எண்ணை நீட்டிக்கும் வழியும் விதியில் இருக்கிறது. துண்டித்த பிறகும் 90 நாள் கழியும்வரை அதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே எண் இன்னும் யார் கைக்கும் போகாமல் இருக்கலாம். சிம் யார் பெயரில் வாங்கியதோ அவரே ஆதாருடன் அந்த நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்கு இன்றே போய்க் கேட்கட்டும். தெருமுனை ரீசார்ஜ் கடை இதற்கு உதவாது.

டூப்ளிகேட் சிம் கிடைத்ததும் அவசரப்பட்டு ஓ.டி.பி. கேட்காதீர்கள். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் மெசேஜ் வராது, போகாது. உங்கள் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓ.டி.பி.யைத் திருடுவதைத் தடுக்கவே அப்படி நிறுத்தி வைக்கிறார்கள். இது தெரியாமல் பலர் சிம் கெட்டுப்போனது என்று நினைத்துத் திரும்ப ஷோரூமுக்கு அலைகிறார்கள்.

எண் வேறொருவருக்குப் போய்விட்டது என்றால், ‘ட்ரை அனதர் வே’யில் ரெக்கவரி மெயில் வழி இருக்கிறதா பாருங்கள். பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த மெயில் இன்னும் திறந்திருந்தால், மேலே நாகலூர் வாசகருக்குச் சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். இன்னொரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். அந்தப் பழைய எண் எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறதோ, அந்தக் கிளைக்கு நேரில் போய் எண்ணை மாற்றி எழுதிக் கொடுங்கள். புது ஆள் கையில் உங்கள் ஓ.டி.பி. போய் விழுவது மெயிலை இழப்பதைவிடப் பெரிய ஆபத்து.

வாசகர், மஞ்சக்குட்டை: எங்கள் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

‘ரீசென்ட்’ கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். புதியதைக் கேட்டதும் பல தளங்களில் பழையது செல்லாமல் போய்விடும். பிறகு நாலும் சேர்ந்து வரும்போது எது எது என்று தெரியாமல் தப்பானதைப் போடுவீர்கள். சிக்னல் நின்று பிடிக்கிற இடத்துக்கு வந்து ஒரே ஒரு முறை கேளுங்கள். மெசேஜுக்குப் பதில் அழைப்பில் சொல்லும் வழி இருந்தால் அதையும் பாருங்கள்.

மலையில் இருப்பவர்கள் எஸ்.எம்.எஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே போக முடிகிற நாளிலேயே இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஆதன்டிகேட்டர் ஆப். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.க்குப் பதிலாகப் போட, 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் தரும். சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போனின் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் எண் ஏற்காது, ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிவிடுங்கள். மற்றொன்று, கூகுளில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் பாதுகாப்பு) பகுதியில் கிடைக்கும் பேக்கப் கோடுகள்; ஓ.டி.பி. வராதபோது அதற்குப் பதில் போடலாம். எட்டு இலக்கத்தில் பத்து கோடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான். காகிதத்தில் எழுதி, பட்டா, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். போட்டோ எடுத்து அதே போனில் வைத்தால் போன் தொலையும்போது அதுவும் தொலையும். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. பழைய காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

வாசகி, அம்மாபேட்டை: புது போனில் வாட்ஸ்அப் போட்டால் எஸ்.எம்.எஸ். கோடு தவிர இன்னொரு ஆறு இலக்க பின் கேட்கிறது. எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை.

அது நீங்களே முன்பு வைத்த ‘டூ ஸ்டெப்’ பின். பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் ஓடினால் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் மாற்றுங்கள். பழைய பின் கேட்காது. பின் வைத்தபோது மெயில் முகவரி கொடுத்திருந்தால் ‘ஃபர்காட் பின்’ கொடுத்ததும் லிங்க் மெயிலுக்கு வரும். இரண்டும் இல்லையென்றால், பின்னை ரீசெட் செய்ய ஏழு நாள் காத்திருக்க வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

வாசகர், சூரமங்கலம்: ‘கூகுள் கஸ்டமர் கேர்’ என்று நெட்டில் தேடி ஒரு எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, பிறகு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கினார்கள். மெயில் திரும்ப வந்த மாதிரி தெரியவில்லை.

அது கூகுள் அல்ல. ஜிமெயில் கணக்கை மீட்டுத் தர கூகுள் எந்தப் போன் எண்ணும் வைத்திருக்கவில்லை. மீட்பு முழுக்க அவர்களின் ரெக்கவரி பக்கத்தில்தான் நடக்கும், அதற்குக் காசும் கிடையாது.

இப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்யுங்கள். போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். அவர்கள் இறக்கச் சொன்ன ஆப் உங்கள் திரையை அங்கிருந்தே பார்க்கக்கூடியதாக இருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட்பேங்கிங், யு.பி.ஐ., கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு மெயிலுக்கு வாருங்கள். அவர்கள் ரெக்கவரி எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றிய நாளிலிருந்து ஏழு நாள் வரை உங்கள் பழைய எண்ணுக்கே கோடு அனுப்பச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும். அந்த ஏழு நாளில் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்த்து, வீட்டு இணைப்பிலேயே, நீங்கள் வழக்கமாக மெயில் பார்க்கும் சாதனத்திலேயே முயலுங்கள்.