இருமுறவங்க ரெண்டு வரிசை தள்ளி இருந்தா பயமில்லையா?

கேள்வி: தொற்று பரவுற நேரத்துல வயசான அம்மாவ கூட்டிக்கிட்டு ஃபிளைட்ல போயே ஆகணும். அத்தன பேரும் பல மணி நேரம் ஒரே காத்த சுவாசிக்கிறத நெனச்சாலே பயமா இருக்கு. போலாமா?

பதில்: பயம் நியாயமானதுதாங்க, ஆனா ஒரே காத்தே சுத்திக்கிட்டு இருக்குங்கிறது சரியில்ல. பெரிய ஜெட் விமானங்கள்ல உள்ள வர்ற காத்துல ஏறக்குறைய பாதி வெளியிலேர்ந்து புதுசா வருது, மீதி பாதி ஹெப்பா ஃபில்டர்ங்கிற ரொம்ப நுண்ணிய வடிகட்டி வழியா போயிட்டு திரும்ப வருது, அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்லயே 99.97 சதவீதத்த புடிச்சிரும், மணிக்கு 20லேர்ந்து 30 தடவ கேபின் காத்து மாறிடுது, அதுவும் தலைக்கு மேலேர்ந்து எறங்கி காலடி பக்கமா வெளியேறிடும், முன்னாடி பின்னாடி அதிகம் ஓடாது.

ஆனா பக்கத்து சீட்காரர் விடுற மூச்சு ஃபில்டருக்கு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்துருமே, அங்கதான் மாஸ்க் வேணும். 2020 மார்ச் தொடக்கத்துல லண்டன்லேர்ந்து ஹனோய் போன ஃபிளைட்ல தொண்ட வலி, இருமலோட பிசினஸ் கிளாஸ்ல ஒரு பயணி இருந்தாங்க, அவங்கள தவிர இன்னும் 15 பேருக்கு கொரோனா அந்த பயணத்துலயே பரவியிருக்கணும்னு விசாரிச்சவங்க சொன்னாங்க, அதுல 12 பேர் அதே பிசினஸ் கிளாஸ். அப்ப மாஸ்க் கட்டாயமே இல்ல. அதனால உங்க ரெண்டு பேருக்கும் மூக்க ஒட்டி நிக்கிற நல்ல மாஸ்க் வேணும், வால்வு வெச்சது வேண்டாம், ஏன்னா போடுறவங்க மூச்சு அந்த வால்வு வழியா அப்படியே வெளிய போயிரும்.

அம்மாவுக்கு ஜன்னல் சீட் கேளுங்க, நடைபாதைல போற வர்றவங்க உரசல் குறையும். தலைக்கு மேல இருக்குற காத்து குழாய மூடாம லேசா தொறந்து வைங்க. எனக்கு பறக்குற நேரத்தவிட ஏறி எறங்குற நேரம்தான் ரொம்ப கவலை, விமானம் நிக்கும்போது ஏசி சரியா ஓடாம இருக்கலாம், கதவு தொறக்குறதுக்கு முன்னாடியே எல்லாரும் எழுந்து முட்டிக்கிட்டு நிப்பாங்க. நீங்க உக்காந்தே இருங்க, கடைசியா எறங்குங்க. சாப்பிட மாஸ்க்க கழட்டணும்னா பக்கத்துல இருக்குறவங்க சாப்பிட்டு முடிச்சு மாஸ்க் போட்டப்புறம் கழட்டுங்க.

கேள்வி: நோயாளிகிட்டேர்ந்து ரெண்டு வரிசை தள்ளி உக்காந்தா போதும்னு சொல்றாங்களே?

பதில்: அந்த ரெண்டு வரிசை கணக்கு, ஒரு பயணிக்கு நோய்னு தெரிஞ்சப்புறம் கூட வந்தவங்கள்ல யார யாரெல்லாம் கூப்பிட்டு விசாரிக்கணும்னு முடிவு பண்றதுக்கு வெச்சது, அதுக்கு அப்பால பத்திரம்னு அர்த்தம் கிடையாது. 2003ல சார்ஸ்ங்கிற சுவாசத் தொற்று பரவுன நேரத்துல ஹாங்காங்லேர்ந்து பெய்ஜிங் போன 3 மணி நேர ஃபிளைட்ல ஒரே நோயாளிகிட்டேர்ந்து 7 வரிசை முன்னாடி இருந்தவங்க வரைக்கும் நோய் வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், காய்ச்சலோ இருமலோ இருந்தா டிக்கெட் காசு போனா போகுதுன்னு தேதிய மாத்துங்க, மாத்திரை போட்டு காய்ச்சல அடக்கிட்டு டெம்பரேச்சர் செக்க தாண்டிப் போறது கூட வர்ற அத்தன பேருக்கும் செய்யுற துரோகம், இதுல எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசில்ல.

கேள்வி: நடுவுல ஆக்சிஜன் மாஸ்க் தொங்குச்சுன்னா, போட்டிருக்குற மாஸ்க் மேலயே மாட்டலாமா?

பதில்: கூடாதுங்க. துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ எதுவா இருந்தாலும் முதல்ல கீழ இழுத்துட்டு, ஆக்சிஜன் மாஸ்க்க மூக்கு வாய் மேல நேரடியா படுற மாதிரி மாட்டுங்க. முதல்ல உங்களுக்கு, அப்புறம் அம்மாவுக்கு. உயரத்துல காத்தழுத்தம் போச்சுன்னா நெனவு தப்ப சில வினாடிதான் ஆகலாம், அந்த நேரத்துல தொற்ற பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க.