வண்டியில் ஆர்கான் செட்: கேள்வி பதில்

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆம்னியில் ஆர்கான் வெல்டிங் செட்டை (டங்ஸ்டன் ஊசியில் ஆர்க், சுற்றிலும் ஆர்கான் வாயு) ஏற்றிக்கொண்டு ரிப்பேருக்குப் போகிறவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கோவிந்தாபுரம்: அண்ணா, பால் சொசைட்டிகளில் கூலர், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வேலைதான் அதிகம் வருதுங்க. எந்த மிஷின் எடுக்கலாம்?

304 ரக எஸ்.எஸ்ஸுக்கு டி.சி. மிஷின் போதும். ஒற்றைக் கையில் தூக்குகிற 200 ஆம்பியர் இன்வர்ட்டர் எடுங்க. ஆனால் அந்த 200-ஐப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றரை மில்லி பைப்புக்கு 40 முதல் 60 ஆம்பியரே தாராளம். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது பத்து ஆம்பியருக்கு இறக்கிப் பாருங்கள். ஆர்க் துடிக்காமல் நின்றால் நல்ல மிஷின். டவுன் ஸ்லோப்பும் (முடிக்கும்போது ஆம்பியர் மெல்ல இறங்குவது) போஸ்ட் ஃப்ளோவும் (ஆர்க் நின்ற பிறகும் வாயு வருவது) இருக்கட்டும், இல்லாவிட்டால் முடிக்கிற இடத்தில் குழி விழும்.

பால் பைப்பில் வெளியே பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே ஆர்கான் கொடுக்காமல் அடித்தால், பின்பக்கம் கருகின சர்க்கரைப் பாகு மாதிரி பொருக்குத் தட்டும். அதில் பால் தங்கிப் புளிக்கும். இரண்டு முனையையும் அடைத்து, ஒரு பக்கம் ஆர்கான் விட்டு, மறுபக்கம் சின்ன ஓட்டை வைத்து, காற்று வெளியேறின பிறகு அடியுங்கள். ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) 308எல். தையல் (வெல்டு போட்ட கோடு) வெள்ளியாகவோ வைக்கோல் நிறத்திலோ இருந்தால் சரி. சாம்பல் நிறமாகப் போனால் அறுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

சிலிண்டர் 10 லிட்டர் எடுங்க. 150 பாரில் ஒன்றரை கன மீட்டர் வாயு. நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டால் மூன்று மணி நேரம் ஆர்க் ஓடும், பைப்புக்குள்ளேயும் ஆர்கான் (பர்ஜ்) கொடுத்தால் அதில் பாதி. 47 லிட்டர் சிலிண்டரை இறக்க ஆள் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆர்கானுக்கு வாசனை கிடையாது, காற்றை விடக் கனம், பள்ளத்தில் தங்கும். டேங்குக்குள் தலையை விடாதீர்கள்.

கஞ்சிக்கோடு: 3 கே.வி.ஏ. ஜென்செட் (ஜெனரேட்டர்) தாங்குமா?

ஆர்கானில் 160 ஆம்பியருக்கு ஆர்க் வோல்டேஜ் 16 சொச்சம், அதாவது 2.6 கிலோவாட். மிஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 5 கே.வி.ஏ. வேண்டும். அதே 160-ல் ராடு (சாதாரண வெல்டிங் குச்சி) போட்டால் வோல்டேஜ் 26, ஜென்செட் இன்னும் பெரியதாக வேண்டும். 3 கே.வி.ஏ.வில் 100 ஆம்பியருக்குள் ஆர்கான் அடிக்கலாம், அவ்வளவுதான். முதலில் ஜென்செட்டை ஓடவிட்டு, அப்புறம் மிஷினை ஆன் செய்யுங்கள்.

ஒயரையும் பாருங்கள். 2.5 ஸ்கொயர் மில்லி தாமிர ஒயர் 50 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் எடுத்தால் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

மீனாட்சிபுரம்: எச்.எஃப். வேணுமா, லிஃப்ட் போதுமா?

எச்.எஃப். என்றால் தொடாமலே பொறியில் ஆர்க் பிடிப்பது, லிஃப்ட் என்றால் ஊசியைத் தொட்டுத் தூக்கிப் பிடிப்பது. சுத்தமான எஸ்.எஸ். வேலைக்கு எச்.எஃப். சௌகரியம். ஆனால் கூலரின் கன்ட்ரோல் போர்டையும் வண்டியின் பேட்டரியையும் கழற்றாமல் எச்.எஃப். தட்டாதீர்கள். போர்டு போனால் உங்கள் கூலியை விட அதுதான் அதிகம்.

நெம்மாறா: இதே மிஷினில் அலுமினியம் வருமா?

வராது. மேலே இருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், அலுமினியம் 660-லேயே உருகிவிடும். அந்த ஆக்சைடை உடைக்க ஏ.சி./டி.சி. மிஷின் வேண்டும்.

வேலந்தாவளம்: டிரெய்லர், கேட் எல்லாவற்றையும் ஆர்கானிலேயே அடிக்கலாமா?

வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததா? ஆடி மாதம் வெளியே நின்று அடித்தால் வாயு பறந்துவிடும், தையல் முழுக்கப் பொத்தல். மிஷின் ராடும் எரிக்கும்தானே, எம்.எஸ்ஸுக்கு (சாதா இரும்பு) 6013 ராடு போடுங்கள்.

பொள்ளாச்சி: நான் நிமிஷத்துக்கு 20 லிட்டர் வாயு வைத்து வெளியேதான் அடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

மேலே ஒன்றும் தெரியாது. ஒரு தையலை அறுத்துப் பாருங்கள். வாயுவைக் கூட்டினால் அது சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். காசும் போச்சு, தையலும் போச்சு.

பொள்ளாச்சி: கேஸ் லென்ஸ் (வாயுவைச் சீராக விடும் வலை) போட்டிருக்கேன்ங்க.

நல்லதுதான், ஓட்டம் சீராக வரும். அடிக்கிற காற்றை அது நிறுத்தாது.

கொழிஞ்சாம்பாறை: தார்ப்பாய் கட்டினால் முடிஞ்சது. பொள்ளாச்சி அண்ணன் சொல்றது சரிதான்.

தார்ப்பாய் கட்டினால் சரி என்பது வேறு, 20 வைத்தால் சரி என்பது வேறு. எஸ்.எஸ். வேலையை வெளியே தவிர்க்க முடியாவிட்டால் நானும் மறைப்புக் கட்டித்தான் அடிக்கிறேன். கேட்டுக்கு யார் தார்ப்பாய் கட்டுவார்கள்? அப்புறம், நாலு பக்கமும் தரை வரை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே குனிந்து உட்காராதீர்கள். ஆர்கான் கீழேதான் தங்கும்.

பொள்ளாச்சி: ராடு அடித்தால் ஸ்லாக் (மேலே படியும் கசடு) தட்டணும், கஸ்டமர் ஃபினிஷிங் கேட்கிறார்.

கிரைண்டர் எதற்கு இருக்கிறது? இதை இத்தோடு விடுவோம்.

கொல்லங்கோடு: 3 கே.வி.ஏ. போதுமா அண்ணா?

மேலே கஞ்சிக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எலப்புள்ளி: டங்ஸ்டன் ஊசி எந்தக் கலர்?

நீலம், 2 சதவீத லாந்தனம். 1.6 மில்லி. சிவப்பில் தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

சித்தூர்: சிலிண்டரை ஆம்னிக்குள் படுக்க வைக்கலாமா?

நிமிர்த்தி, சங்கிலி போட்டு, வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி மாட்டுங்கள். கண்ணாடியை இறக்கி விடுங்கள். கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. மூன்றாவது முறை சொல்கிறேன்.

நாலைந்து பேர்: எந்த கம்பெனி மிஷின் நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். கோவையிலோ பாலக்காட்டிலோ சர்வீஸ் இருக்கிறதா, போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 40 டிகிரி வெயிலில் எத்தனை சதவீத நேரம் ஓடும் என்று பாருங்கள். 60 என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு. டார்ச் (கையில் பிடித்து அடிக்கும் முனை) 17-ஆம் நம்பர் என்றால் 150 ஆம்பியர் தாங்கும், 26 என்றால் 200. ஆர்கானை எந்த டீலரிடம் மாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.