பதில்: ஆபரேஷன் முடிஞ்சு அப்பத்தா வீட்டுக்கு வர்றாங்க
இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு அப்பத்தாவ மதுரையிலேர்ந்து காரைக்குடி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க, கட்டில எங்க போடுறதுன்னு கேட்டிருக்கீங்க. வீட்டுக்குள்ள தள்ளி இருக்குற ரெண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டு வேண்டவே வேண்டாங்க, நம்ம செட்டிநாட்டு வீடுகள்ல ஒவ்வொரு நிலைவாசப்படியும் உசரம், வாக்கரத் தூக்கித் தாண்டுறதுக்குள்ள தடுமாறிடுவாங்க, பாத்ரூமுக்குப் படியில்லாம போற எடமாப் பாத்துப் போடுங்க. கட்டில்ல உக்காந்தா முட்டி இடுப்பவிடக் கீழ இருக்கணும், கீழ குத்தவைக்கிற கக்கூஸ் இப்போதைக்குக் கூடாது, கமோடு சேர் வாங்கிருங்க. தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு ஈரம் பட்டா வழுக்கும், காயுற வரைக்கும் நடக்க விடாதீங்க.

பாவம்னு படுக்கவே வச்சுராதீங்க, அதுதான் பெரிய கெடுதல், கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டும், நெஞ்சுல சளி சேரும். அந்தக் கால்ல எவ்வளவு வெயிட் வைக்கலாம்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே எழுதி வாங்கிருங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரி போயிருங்க.