பெரிய நிறுவனம் வாங்கிய கேம் ஸ்டுடியோவில் மகள் வேலைக்குச் சேரலாமா?

உங்கள் மகள் ரோல்-பிளேயிங் கேம்களுக்கு (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம்கள்) குவெஸ்ட், அதாவது ஆடுபவர் முடிக்க வேண்டிய கதைப் பணிகளை, எழுத ஆசைப்படுகிறார். அவர் விரும்பும் ஸ்டுடியோக்களோ ஒவ்வொன்றாகப் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போகின்றன. வேலை நிலைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் முதலாளி யார் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கலிபோர்னியாவின் அப்சிடியன் ஸ்டுடியோ தனியாக இருந்தபோதும் நிம்மதியாக இருக்கவில்லை. 2012 மார்ச்சில் ஒரு ப்ராஜெக்ட் ரத்தானதும் சுமார் 30 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் போட்ட ஏறத்தாழ 40 லட்சம் டாலர்தான் கைகொடுத்தது. 2018 நவம்பரில் அதை வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் பிறகு, 16ஆம் நூற்றாண்டு பவேரியாவில் நடக்கும் பென்டிமென்ட் போன்ற கேமை ஒரு சின்னக் குழுவால் செய்து முடிக்க முடிந்தது.

கனடாவின் பயோவேர் ஸ்டுடியோ கதை வேறு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வாங்க ஒப்பந்தம் போட்டது 2007இல். 2024 அக்டோபரில் வந்த டிராகன் ஏஜ் கேமுக்கு 15 லட்சம் பேர் ஆட வந்தும், எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பாதிதான் என்றது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். 2025 ஜனவரியில் ஸ்டுடியோவின் ஆட்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

ஆபத்து அதிகம் எப்போது என்றால், கேம் வெளியானதை ஒட்டிய மாதங்களில். முடிக்கும்போது நூற்றுக்கணக்கானோர் வேண்டும். அடுத்த கேமின் தொடக்க வேலைக்குச் சிலரே போதும். ஆகவே இன்டர்வியூவில் கேட்கச் சொல்லுங்கள்: எந்த ப்ராஜெக்ட், எந்தக் கட்டம், அடுத்ததற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா? மகள் அமெரிக்கா போவதாக இருந்தால் இதையும் கவனியுங்கள்: எச்-1பி எனும் வேலை விசாவில் வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம்; படிப்பு முடித்த மாணவர்கள் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி காலத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். மூன்று மாதச் செலவும் கல்விக்கடன் தவணையும் கையில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில்தான் பலர் சறுக்குகிறார்கள். கற்பனை உலகத்தின் வரலாற்றை 40 பக்கம் எழுதி வைப்பார்கள். ஆடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. கிளைக்கதை கேம் செய்ய உதவும் ட்வைன் என்ற மென்பொருளில் 15 நிமிடக் குவெஸ்ட் ஒன்றை முடிக்கட்டும். திருடனைக் காட்டிக்கொடுப்பதா, தப்பவிடுவதா என்று ஒரே ஒரு தேர்வு போதும். ஆனால் தப்பவிட்டால் கடைக்காரர் அடுத்த காட்சியில் பொருள் விற்க மறுக்க வேண்டும். விளைவு கண்ணில் பட்டால்தான் வேலைக்கு ஆள் எடுப்பவர் மேலே படிப்பார்.

வேலை கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு விதியைத் தேடுங்கள்: வேலை நேரத்துக்கு வெளியே மகள் எழுதுவது யாருக்குச் சொந்தம்? தெளிவாக இல்லையென்றால், பழைய படைப்புகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள்.