சர்வரில் ஒரு கோப்புறையின் பட்டியலை மறைத்து, இன்னொன்றை மட்டும் காட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாலக்கோட்டில் உங்கள் குடும்பம் நடத்தும் சொட்டுநீர்ப் பாசனக் கடைக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் ஒரு கோப்புறையின் முகவரியை மட்டும் உலாவியில் தட்டினால், உள்ளே உள்ள கோப்புகள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கின்றன. விலைப்பட்டியலும் கேட்டலாக்கும் உள்ள கோப்புறை அப்படித் தெரிவது உங்களுக்கு வசதியாகவே இருக்கிறது. பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்துச் சிறு வியாபாரிகள் வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மானிய விண்ணப்பத்துக்காக விவசாயிகள் கொடுத்த ஆவணங்கள் உள்ள கோப்புறையும் அதேபோலத் தெரிகிறது. முதலாவதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் மறைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். பட்டியலை நிறுத்துவதற்கு ஒரே ஒரு வரி போதும். ஆனால் விவசாயிகளின் ஆவணங்களைக் காப்பாற்ற அந்த ஒரு வரி போதாது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கடைகள், மாங்கன்று நர்சரிகள் போன்ற சிறு நிறுவனங்களின் தளங்களைப் பராமரிப்பது என் தொழில். பட்டியல் மறைந்ததுமே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திக்கொள்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். கோப்பின் பெயர் இல்லாமல் கோப்புறையின் முகவரி மட்டும் கேட்கப்படும்போது, அந்தக் கோப்புறையில் முகப்புக் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று சர்வர் முதலில் தேடும். இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல், இன்டெக்ஸ் டாட் பிஎச்பி ஆகியவை வழக்கமான பெயர்கள். இருந்தால் அதைக் கொடுக்கும். இல்லாதபோது, பட்டியல் காட்ட அனுமதி இருந்தால் சர்வரே அந்த நேரத்தில் ஒரு பக்கத்தைத் தயாரித்து அனுப்பும். அனுமதி இல்லையென்றால் 403 என்ற மறுப்பைத் தரும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இந்தப் பக்கத்தைத் தயாரிப்பது மாட் ஆட்டோஇன்டெக்ஸ் என்ற பகுதி. உபுண்டு சர்வரில் அப்பாச்சியை நிறுவினால், தளங்கள் வைக்கும் இடத்துக்கு இந்த அனுமதி தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கும். என்ஜின்எக்ஸ், விண்டோஸின் ஐஐஎஸ் ஆகிய மற்ற சர்வர் மென்பொருள்களில் தொடக்கத்தில் அது மூடியே இருக்கும். ஆகவே உங்கள் தளத்தில் பட்டியல் தெரிவதற்கு யாரும் எதையும் திறந்துவிட்டிருக்க வேண்டியதில்லை. யாரும் மூடாமல் இருந்ததே போதும்.

அப்பாச்சியில் மூடுவதற்கு, சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில் அந்தக் கோப்புறைக்கான டைரக்டரி பகுதியிலோ, அந்தக் கோப்புறைக்கான விதிகளை எழுதி அதற்குள்ளேயே வைக்கும் டாட் எச்டிஅக்சஸ் கோப்பிலோ, ஆப்ஷன்ஸ் என்று எழுதி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி இன்டெக்ஸஸ் என்று ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். தளம் முழுவதற்கும் இப்படி மூடிவிட்டு, கேட்டலாக் கோப்புறைக்கு மட்டும் அதே வரியைக் கூட்டல் குறியுடன் எழுதினால் நீங்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிடும். மேல் கோப்புறையில் எழுதியது உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் செல்லும் என்பதால், எல்லாவற்றையும் மூடிவிட்டு வேண்டியதை மட்டும் திறப்பதே சரியான வரிசை. திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனால், நாளைக்குப் புதிதாக உருவாகும் கோப்புறை திறந்தபடியே பிறக்கும். வெறுமையான இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றைப் போட்டுவைக்கும் பழைய வழக்கத்துக்கும் இதே குறை உண்டு. அது தான் இருக்கும் கோப்புறையை மட்டுமே மறைக்கும்; மாதத்துக்கு ஒரு துணைக் கோப்புறையைத் தானாக உருவாக்கும் தளங்களில் அடுத்த மாதமே பயனற்றுப்போகும்.

இங்கே பலர் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். கூட்டல், கழித்தல் குறி உள்ள சொல்லையும் குறி இல்லாத சொல்லையும் ஒரே ஆப்ஷன்ஸ் வரியில் கலந்து எழுதினால் அப்பாச்சி 2.4 அதை ஏற்காது. எச்டிஅக்சஸில் எழுதியிருந்தால் அந்தக் கோப்புறைக்கு 500 பிழை வரும், முதன்மை அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தால் சர்வர் மறுபடி கிளம்பவே கிளம்பாது. அடுத்தது, நீங்கள் எழுதிய எச்டிஅக்சஸ் கோப்பை சர்வர் படிக்கிறதா என்பது. அலவ்ஓவர்ரைடு என்ற அமைப்பு நன் (எதுவும் வேண்டாம்) என்று இருந்தால் அந்தக் கோப்பு இருப்பதையே சர்வர் கண்டுகொள்ளாது, பிழையும் காட்டாது. அப்பாச்சி 2.4இல் தொடக்க நிலையே இதுதான். கோப்பைப் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள், பட்டியல் முன்போலவே தெரிந்துகொண்டிருக்கும். உலாவியிலிருந்தே தளத்தை நிர்வகிக்க உதவும் சிபேனல் உள்ள ஹோஸ்டிங் என்றால் இவ்வளவு சிரமம் இல்லை. அதில் இன்டெக்ஸஸ் என்ற பக்கத்தில் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, பட்டியல் வேண்டாம் என்ற தெரிவைக் குறித்துச் சேமித்தால் போதும்.

உங்கள் தளம் என்ஜின்எக்ஸில் ஓடினால், அது எச்டிஅக்சஸ் கோப்பைப் படிக்காது. கேட்டலாக் கோப்புறைக்கான லொகேஷன் பகுதியில் மட்டும் ஆட்டோஇன்டெக்ஸ் ஆன் என்று எழுதினால் அது மட்டும் தெரியும். அங்கே ஏலியஸ் (ஒரு முகவரியை வட்டில் வேறொரு கோப்புறையோடு இணைக்கும் வரி) பயன்படுத்துவதாக இருந்தால் சாய்கோட்டில் கவனமாக இருங்கள். லொகேஷன் முகவரியின் முடிவில் சாய்கோடு இல்லாமல், ஏலியஸ் பாதையின் முடிவில் மட்டும் சாய்கோடு இருந்தால், முகவரியை ஒட்டி இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒருவர் மேல் கோப்புறைக்குள் போய்விட முடியும். ஆட்டோஇன்டெக்ஸும் திறந்திருப்பதால் அந்த மேல் கோப்புறையின் பட்டியலே அவருக்குக் கிடைத்துவிடும். அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸுக்குத் தளத்தை மாற்றும்போதும் இதேபோல ஓர் ஆபத்து உண்டு. என்ஜின்எக்ஸில் பட்டியல் தானாகவே மறைந்துவிடுவதால் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும்; ஆனால் எச்டிஅக்சஸில் எழுதிவைத்திருந்த தடைகளும் கடவுச்சொல் கட்டுப்பாடுகளும் ஒரு சத்தமும் இல்லாமல் செயலிழந்திருக்கும்.

கேட்டலாக் கோப்புறையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனெனில் அதைத் திறந்துவைக்கும் உங்கள் எண்ணம் சரியானது. பட்டியல் என்றாலே ஆபத்து என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாயின் விலையைத் தேடி வரும் வியாபாரிக்கு அதைவிட வேகமாகத் திறக்கும் பக்கத்தை யாராலும் வடிவமைத்துத் தர முடியாது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இன்டெக்ஸ்ஆப்ஷன்ஸ் வரியில் நேம்விட்த் என்பதற்கு நட்சத்திரக் குறியையும், சார்செட் என்பதற்குத் தமிழ் எழுத்துகளைக் காட்டவல்ல யுடிஎஃப் 8 என்பதையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பெயருக்கு 23 பைட் இடந்தான் கிடைக்கும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாவதால், முதல் சொல் முடிவதற்குள்ளேயே பெயர் வெட்டப்பட்டுவிடும்.

இனி விவசாயிகளின் ஆவணங்கள். இதே வட்டாரத்தில் ஒரு கடையின் தளத்தை நான் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டபோது பார்த்த பக்கத்தைச் சொல்கிறேன். மேலே இன்டெக்ஸ் ஆஃப் என்ற தலைப்பு. கீழே கோப்பின் பெயர், கடைசியாக மாறிய நாள், அளவு என்று நெடுவரிசைகள். கோப்பின் பெயரிலேயே விவசாயியின் பெயர், ஊர், சர்வே எண் மூன்றும் சேர்ந்திருந்தன. ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல், எந்த ஊரில் எந்த எண்ணில் யாருக்கு நிலம் இருக்கிறது, அவர் எப்போது விண்ணப்பித்தார் என்பது வரை படிக்க முடிந்தது. நாளுக்கான தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் பழையவையும், மறுபடி சொடுக்கினால் புதியவையும் மேலே வந்து நின்றன. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் கிடைக்கிறது. அதற்காகச் சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரு மனிதர் கடைக்காரரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இவை ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்தால், அவர் பெயரில் ஏமாற்ற நினைப்பவனுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

இத்தகைய கோப்புறையில் பட்டியலை மட்டும் மறைப்பது, மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு மூட்டையைத் தெருவிலேயே விட்டுவைப்பதற்குச் சமம். ஒவ்வொரு கோப்பும் அதன் முழு முகவரியைத் தெரிந்தவருக்கு முன்போலவே திறக்கும். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் கோப்பின் பெயராக இருந்தால் அதை ஊகிப்பது கடினமில்லை. வரிசை எண்ணாக இருந்தால் இன்னும் எளிது. இன்டெக்ஸ்இக்னோர் என்ற வரியும் இப்படித்தான்: பட்டியலில் சில பெயர்களை விட்டுவிடும், கோப்பைக் கேட்டால் கொடுத்துவிடும். எங்கே வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுதித் தடுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒழுங்கான தேடுபொறிகள் அதை மதிக்கும், தவறான நோக்கத்தோடு வருபவனுக்கு அது வழிகாட்டிப் பலகையாகிவிடும்.

செய்ய வேண்டியது, ஆவணங்களை இணையத்துக்குத் திறந்த இடத்திலிருந்தே வெளியே எடுப்பது. சிபேனல் ஹோஸ்டிங்கில் பப்ளிக் எச்டிஎம்எல் என்ற கோப்புறைக்குள் இருப்பதுதான் உலகத்துக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில், அதற்கு வெளியே ஒரு கோப்புறை உருவாக்கி ஆவணங்களை அங்கே மாற்றிவிடுங்கள். உங்கள் ஊழியர் பார்க்க வேண்டுமானால், அவர் உள்நுழைந்திருக்கிறாரா என்று சரிபார்த்த பிறகே கோப்பைப் படித்துக் கொடுக்கும் சிறிய பிஎச்பி நிரல் ஒன்று போதும். அதை எழுத ஆள் கிடைக்கும் வரை, இருக்கும் கோப்புறைக்கு ரிக்வயர் ஆல் டினைட் என்ற வரியைப் போட்டு முழுவதுமாக அடைத்துவையுங்கள். அதே இடத்தில் தளத்தின் ஸிப் பேக்கப்போ டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் கோப்போ கிடந்தால் அவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்கள் அவற்றுக்குள் இருக்கும். விண்ணப்பம் முடிந்துபோன விவசாயியின் ஆதார் நகலை இனியும் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் வைத்திருக்கிறது.

மாற்றியபின் சோதிக்கும்போது, தளத்தில் உள்நுழைந்திருக்கும் கணினியைப் பயன்படுத்தாமல், கைபேசியில் மொபைல் டேட்டாவைப் போட்டுத் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். கோப்புறையின் முகவரிக்கு 403 அல்லது 404 வர வேண்டும். பிறகு, முன்பே குறித்துவைத்த ஓர் ஆவணத்தின் முழு முகவரியைத் தட்டுங்கள். அதுவும் திறக்கக் கூடாது. இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். உங்கள் சர்வருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை இருந்தால், பிடிஎஃப், ஜேபிஜி கோப்புகளின் பிரதியை அது தன்னிடம் வைத்திருக்கக்கூடும் என்பதால், அங்கேயும் அந்தப் பிரதிகளை (கேஷ்) அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

இதுவரை யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் அக்சஸ் லாகில், அந்தக் கோப்புறையின் முகவரிக்கு 200 (கேட்டது கொடுக்கப்பட்டது) என்ற விடை போயிருக்கும் வரிகளைத் தேடுங்கள். ஒரே ஐபி முகவரி அடுத்தடுத்து எல்லாக் கோப்புகளையும் கேட்டிருந்தால் அது தானியங்கி நிரலின் வேலை. பழைய லாக் கோப்புகள் தாமாகவே அழிந்துகொண்டே இருக்கும் என்பதால், எதற்கும் முன் அவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளில் உங்கள் தளத்தின் பெயரோடு இன்டெக்ஸ் ஆஃப் என்று தேடிப் பாருங்கள். முடிவில் வந்தால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் மூலம் நீக்கக் கோரலாம். அந்த நீக்கம் சுமார் 6 மாதத்துக்கே நிற்கும், அதற்குள் கோப்பு உண்மையிலேயே இல்லாமல் போயிருந்தால்தான் நிரந்தரமாகும். யாருடைய ஆவணங்களாவது வெளியே போயிருப்பது உறுதியானால், அந்த விவசாயிகளிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஓடிபி கேட்டு அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களின் வீட்டுப் பிள்ளைகளிடமும் விளக்கிவிட்டு வாருங்கள்.

உங்கள் சர்வர் அப்பாச்சியா என்ஜின்எக்ஸா, சிபேனல் இருக்கிறதா இல்லையா என்பதைக் கேள்வியில் குறிப்பிடவில்லை. அதை எழுதினால், எந்தக் கோப்பில் எந்த வரி என்பதை அதற்கேற்ப இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.